புல்தரையில் கருகிய காலடிகள்

புல்தரை வைத்திருப்பவர்களைப் போன்ற சந்தேகக்காரர்களை நான் வேறெங்கும் கண்டதில்லை. இந்தத் தொழிலுக்குப் புதிதாக வந்திருக்கிற நீங்களும் ஒரு வசந்தகாலம் போனால் இதை ஒத்துக்கொள்வீர்கள். நடுவில் ஒரு மஞ்சள் வட்டம் தெரிந்தால் பக்கத்து வீட்டுக்காரர் எதையோ ஊற்றிவிட்டார் என்பார்கள். பாசி படர்ந்தால் நாங்கள் கொண்டுவந்த விதை சரியில்லை. சென் தெனி ஊரில் ஒருவர், தன் புல்லை யாரோ திட்டமிட்டுக் கருக வைக்கிறார்கள் என்று வேலிக்கு மேல் கமெரா பூட்டினார். கமெராவில் அகப்பட்டது அவருடைய சொந்த நாய். தினமும் ஒரே இடத்தில் வந்து சிறுநீர் கழித்துவிட்டுப் போனது.

நாங்களும் சந்தேகப்பட்டுத்தான் பிழைக்கிறோம். மஞ்சளாய்க் கிடக்கும் இடத்தைப் பார்த்தவுடன் "தண்ணீர் போதவில்லை" என்று சொல்பவர் இந்த வேலைக்கு ஆகமாட்டார். குனிந்து ஒரு பிடி புல்லை இழுத்துப் பார்க்க வேண்டும். பாய் சுருள்வதுபோல் கையோடு வந்தால் கீழே புழு வேரைத் தின்றுவிட்டது. பிடித்துக்கொண்டு நின்றால் வேறு காரணம் தேட வேண்டும். எந்த உயரத்தில் வெட்டுவது, எந்த மாதம் விதைப்பது என்பதையெல்லாம் உங்களுக்கு வகுப்பில் சொல்லியிருப்பார்கள். நான் சொல்ல நினைப்பது வேறு. புல்லின் மேல் வைக்க வேண்டிய சந்தேகத்தை நான் ஒருமுறை ஒரு மனிதர் மேல் வைத்தேன்.

அவரை நேசன் அண்ணை என்று கூப்பிடுவோம். என்னைவிட ஒன்பது வயது மூத்தவர். கார் து நோர் ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில் ஓர் உணவகத்தில் நெடுங்காலம் கோப்பை கழுவி, கைத்தோல் உரிந்துபோய், இந்த வேலைக்கு வந்தவர். வேலையில் நான் அவருக்கு மேல். எங்கள் நாலு பேர் கொண்ட குழுவுக்கு நான்தான் பொறுப்பு. அதிகம் பேசமாட்டார். ஆனால் ஈரமாயிருக்கும் புல்லில் மறந்தும் கால் வைக்கமாட்டார். சுற்றிப்போக ஐந்து நிமிடம் கூடப் பிடித்தாலும் சுற்றித்தான் போவார். பதினொரு வருடம் ஒரே வான் வண்டியில் ஒன்றாக வேலைக்குப் போய்வந்தோம்.

லெ பிளாங்-மெனிலில் நாங்கள் வாடிக்கையாக வேலை செய்யும் ஒரு வீடு இருந்தது. பாண்டிச்சேரிக்காரர், இங்கே பிரெஞ்சு அரசாங்க உத்தியோகம் பார்த்து ஓய்வு பெற்றவர். மிஸ்யே அந்துவான் என்று வைத்துக்கொள்ளுங்கள். அவரும், நாங்கள் மதாம் என்று கூப்பிடும் மனைவியும் மட்டும்தான். பிள்ளைகள் தெற்கே போய்விட்டார்கள். வீட்டுக்குப் பின்னால் கல் பதித்த முற்றம், அதைத் தாண்டிப் புல்தரை, அதன் கோடியில் கருவிகள் வைக்கும் மரக் கொட்டில். கொட்டிலுக்குப் போக வேலியோரமாக ஒரு சரளைப் பாதை இருந்தது. கொட்டில் சாவி ஒன்று அவர்களுடைய சமையலறையில் தொங்கும். மற்றது நேசன் அண்ணையிடம்.

மிஸ்யே தன் புல்தரையில் விழும் ஒவ்வொரு இலையையும் எண்ணுகிறவர். எங்கள் கைகளையும் எண்ணினார் என்றே எனக்குத் தோன்றும். இது நடப்பதற்கு முந்திய இலையுதிர்காலத்தில் தன் மூக்குக் கண்ணாடி காணாமல் போனதற்காக, வீடு துப்பரவாக்க வந்த பெண்ணை நிறுத்தியிருந்தார்.

மாசி மாதம். செவ்வாய்க்கிழமை நேசன் அண்ணையை அங்கே இறக்கிவிட்டு நான் வேறு வீட்டுக்குப் போனேன். வேலியை வெட்டி, இலை கூட்டி முடித்தவரை மாலையில் ஏற்றிக்கொண்டு வந்தேன். அன்றும் மறுநாளும் விடாத மழை. புதன்கிழமை மாலை, லா சப்பல் கடைத்தெருவில் மரக்கறி வாங்கப் போன இடத்தில், அவர் ஒரு நகைக்கடையிலிருந்து வெளியே வருவதைக் கண்டேன். கடைக்கு வெளியே நின்று சட்டைப்பையைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார். நான் கூப்பிடவில்லை. ஏன் கூப்பிடவில்லை என்று எனக்கு இன்றுவரை தெரியாது.

வியாழக்கிழமை காலை ஏழரைக்குத் தொலைபேசி அடித்தது.

"அலோ, நான் அந்துவான் பேசறேன். செவ்வாக்கிழமை உங்க ஆளு தனியா வந்தான் இல்ல? இன்னைக்குக் காலையில திரையத் தொறந்து பாக்கறேன், என் பெலூஸ் புல்லு முழுக்கக் காலடி. நேரா கோடியில இருக்கற கபானுக்குப் போகுது. நேத்து ராத்திரி பெட்டியில பாத்தா மதாமோட தாலிச் சங்கிலியக் காணோம். நான் என்ன சொல்றேன்னு புரியுதுங்களா?"

"மிஸ்யே, நாங்கள் இப்ப வாறம். அதுவரைக்கும் பொறுங்கோ."

"பத்து மணி வரைக்கும் பாப்பேன். அப்புறம் கொமிசாரியாவுக்குப் போய் பிளேந்த் குடுத்துடுவேன்."

நேசன் அண்ணை தன் வதிவிட அட்டையைப் புதுப்பிக்க அந்த மாதம்தான் விண்ணப்பித்திருந்தார். பொலிஸ் முறைப்பாட்டில் பெயர் விழுந்தால் அந்த அட்டைக்கு என்னாகும் என்பது உங்களுக்கும் தெரியும். அதை நினைத்து நான் பதறியிருக்க வேண்டும். எனக்கு முதலில் நினைவுக்கு வந்தது நகைக்கடை வாசலும் அந்தச் சட்டைப்பையும்தான்.

வழக்கமாக வான் நிற்கும் இடத்தில் அவர் காத்துக்கொண்டு நின்றார். தன் பையை இருக்கையில் வைத்துவிட்டு, "தேத்தண்ணி வாங்கியாறன். உனக்குச் சீனி குறைச்சுத்தானே?" என்று கேட்டுவிட்டுப் போனார். அவர் தெருமுனை திரும்பியதும் நான் பையின் வாயைத் திறந்தேன். சாப்பாட்டுப் பெட்டி, மாற்றுக் காலுறை, மருந்துக் குளிசைப் பெட்டி, முகம் துடைக்கும் ஒரு துவாய். துவாயின் மடிப்புக்குள் கையை விட்டுத் துழாவிக்கொண்டிருந்தபோது கதவு திறந்தது. இரண்டு கையிலும் இரண்டு கோப்பைகளோடு நின்றார்.

"என்ன தேடுறாய்?"

"கையுறை, அண்ணை. என்ரை கையுறையைக் காணேல்லை."

"என்ரை பையுக்கையோ?"

நான் கையை வெளியே எடுத்தேன். அவர் கோப்பைகளை முன்னால் வைத்தார். பையை வாங்கி, உள்ளே இருந்ததை ஒவ்வொன்றாக எடுத்து இருக்கையில் அடுக்கினார். கடைசியில் பையைக் கவிழ்த்து உதறினார். சட்டைப்பையையும் வெளியே இழுத்துக் காட்டினார். அதில் நகைக்கடை கொடுத்த ரசீதுத் துண்டு ஒன்று இருந்தது.

"மகளின்ரை தோட்டுக்குத் திருகுச் சுரை மாத்த நேற்றுக் குடுத்தனான். ஞாயிற்றுக்கிழமை வரச் சொன்னவங்கள். வேறை எங்கையும் பாக்கோணுமோ? பாருங்கோ."

நான் வானை எடுத்தேன். போகும் வழியில் மிஸ்யே சொன்னதைச் சொன்னேன். அவர் கண்ணாடிக்கு வெளியே பார்த்துக்கொண்டே வந்தார். இரண்டு கோப்பைத் தேத்தண்ணியும் ஆறிப்போனது.

மிஸ்யே முற்றத்தில் மேல்கோட்டோடு நின்றார். கையில் தொலைபேசி. சமையலறைக் கண்ணாடிக்குப் பின்னால் மதாம் நின்று எங்களைப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் அவரைத் தாண்டிப் புல்தரையைப் பார்த்தேன். பச்சைப் புல்லின் நடுவே, முற்றத்தின் விளிம்பிலிருந்து கொட்டில் வாசல் வரை, வைக்கோல் நிறத்தில் கருகிய காலடிகள். இடது, வலது, இடது, வலது. யாரோ சூடான இரும்பால் ஒற்றி எடுத்ததுபோல் அவ்வளவு தெளிவு.

"சப்பாத்த வெச்சுக் காட்டச் சொல்லுங்க" என்றார் மிஸ்யே என்னிடம். நேசன் அண்ணை பக்கத்தில்தான் நின்றார். இருந்தும் அவரிடம் நேரே பேசவில்லை.

நேசன் அண்ணை என்னைப் பார்த்தார். அந்த இடத்தில் நான் முடியாது என்று சொல்லியிருக்க வேண்டும். என் வாயிலிருந்து வந்தது வேறு.

"ஒருக்கா வைச்சுக் காட்டுங்கோ அண்ணை. பிரச்சினை முடிஞ்சிடும்."

அவர் முதல் காலடியின் மேல் தன் வலது சப்பாத்தை வைத்தார். கிட்டத்தட்டப் பொருந்தியது.

"பாத்தீங்களா?" என்றார் மிஸ்யே.

நேசன் அண்ணை காலை எடுத்தார். அப்போதுதான் நான் பார்த்தேன். அவர் கால் வைத்த இடம் அரை விரல் ஆழத்துக்குப் பதிந்து, குழிக்குள் தண்ணீர் ஊறி வந்தது. இரண்டு நாள் மழையில் நிலம் சோறு மாதிரிக் குழைந்து கிடந்தது. நான் முழங்காலில் உட்கார்ந்து அடுத்த காலடியை விரலால் தடவினேன். அங்கே பள்ளமே இல்லை. புல் மட்டும் கருகியிருக்க, மண் சுற்றியுள்ள நிலத்தோடு மட்டமாக இருந்தது. ஒரு பிடி புல்லை இழுத்தேன். வேர் விடவில்லை. கிள்ளிப் பார்த்தால் அடித்தண்டு பச்சை. நுனியிலிருந்து பாதிவரைதான் சாவு.

இதை நீங்கள் குளிர்காலத்தில் ஒருநாள் பார்ப்பீர்கள். உறைபனி பிடித்த புல்லின் மேல் யாராவது நடந்தால் இலைக்குள் உறைந்திருக்கும் நீர் நொறுங்கி இலையைக் கிழித்துவிடும். அன்றைக்கு ஒன்றும் தெரியாது. மூன்று நாலு நாள் கழித்துத்தான் அந்தக் காலடி கருகி மேலே வரும். நிலமும் கல்லாய் உறைந்திருப்பதால் பள்ளம் விழாது. இது எனக்கு அன்று புதிதாகத் தெரிந்த விசயமில்லை. தொலைபேசியில் காலடி என்று கேட்டவுடனேயே நினைவுக்கு வந்திருக்க வேண்டியது. நான் ஒரு மனிதரின் பையைத் துழாவுவதில் மும்முரமாக இருந்துவிட்டேன்.

"மிஸ்யே, இது செவ்வாய்க்கிழமை நடந்த கால் இல்லை" என்றேன். "செவ்வாய் முழுக்க மழை. அண்டைக்கு நடந்திருந்தா இந்தாப் பாருங்கோ, இப்பிடிக் குழி விழுந்திருக்கும். இது நிலம் உறைஞ்சு கிடக்கேக்கை நடந்தது. இந்தக் கிழமை ஞாயிறு காலமை மட்டும்தான் உறைஞ்சது. கோயிலுக்குப் போறதுக்கு என்ரை கார்க் கண்ணாடியிலை பனியைச் சுரண்டி ஒரு பிளாஸ்டிக் அட்டையே உடைஞ்சு போச்சு. வெயில் ஏறப் பனி கரைஞ்சிட்டுது. அதுக்கு முதல் ஆரோ நடந்திருக்கினம்."

"ஞாயித்துக்கிழமை யாரும் வரல. ராத்திரி நான்தான் வாசல் கேட்டப் பூட்டினேன். பூசைக்குப் போறப்ப நான்தான் தொறந்தேன்."

இதைச் சொன்ன பிறகு அவர் காலடிகளை மறுபடி பார்த்தார். எனக்கு இன்னொன்றும் கண்ணில் பட்டுவிட்டது. ஒரு காலடிக்கும் அடுத்ததற்கும் இடையே ஒரு சாண்தான் இருந்தது. நேசன் அண்ணை நெடிய ஆள், எட்டி நடப்பவர். இது காலை இழுத்து இழுத்து வைத்த நடை. சமையலறை வாசலில் மிஸ்யேயின் பெரிய ரப்பர்ச் செருப்புகள் கிடந்தன. அதை யார் மாட்டிக்கொண்டு போனாலும் காலடி ஆண்பிள்ளையுடையதாகத்தான் தெரியும். கண்ணாடிக்குப் பின்னால் மதாம் இன்னும் நின்றார். என்னைப் பார்த்துச் சிரித்தார்.

கொட்டிலைத் திறந்து பார்த்தால் சங்கிலி அங்கேதான் இருக்கும் என்று எனக்கு நிச்சயமாகிவிட்டது. ஓடிப்போய்த் திறக்கக் கால் துடித்தது. ஆனால் என் கையால் அதை எடுத்தால் கதை அத்தோடு முடிந்தது. நாங்கள்தான் ஒளித்து வைத்தோம், பிடிபட்டதும் நாங்களே எடுத்துத் தருகிறோம் என்றாகிவிடும். இப்படியான நேரத்தில் உங்கள் கைகளைச் சட்டைப்பைக்குள் போட்டுக்கொள்ளுங்கள்.

"உங்கடை சாவியை எடுத்துக்கொண்டு நீங்களே போய்ப் பாருங்கோ மிஸ்யே. நாங்கள் ரெண்டு பேரும் இந்த முற்றத்தை விட்டு அசையமாட்டம். எங்கடை சாவி இந்தா, அண்ணை முற்றத்து மேசையிலை வைக்கிறார்."

அவர் சரளைப் பாதையால் போனார். உள்ளே சாமான்கள் உருளும் சத்தம் கேட்டது. பிறகு சத்தம் நின்றது. வெகு நேரம் அவர் வெளியே வரவில்லை. கடைசியில் வாசலில் நின்று, என்னை மட்டும் கையால் கூப்பிட்டார்.

புல்விதை மூட்டை திறந்து கிடந்தது. விதையின் மேல் சின்னச் சின்னக் கைக்குட்டை முடிச்சுகள். ஒன்றில் சங்கிலி. மற்றதில் அவருடைய மூக்குக் கண்ணாடி. தபால்பெட்டிச் சாவி, ஒரு செபமாலை, அவருடைய மருந்துச் சீட்டு, இரண்டு வெள்ளிக் கரண்டி. மிஸ்யே கவிழ்த்து வைத்த ஒரு வாளியின் மேல் உட்கார்ந்திருந்தார்.

நான் எதிர்பார்த்தது, உங்கள் ஆளிடம் சாவி இருக்கிறது, அவன்தான் ஒளித்தான் என்று அவர் சொல்வார் என்று. அவர் ஒரு கைக்குட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"இந்த முடிச்சு அவ போடறது. பிள்ளைங்க ஸ்கூலுக்குக் காசு கொண்டு போறப்ப இப்படித்தான் முடிஞ்சு குடுப்பா." கொஞ்சம் நிறுத்தினார். "வீட்டுல திருடங்க இருக்காங்க, எல்லாத்தையும் எடுத்துடுவாங்கன்னு ராத்திரியெல்லாம் சொல்லுவா. நான் அந்த வேலைக்காரப் பொண்ணச் சொல்றான்னு நெனச்சேன். அவள நிறுத்திட்டேனே."

அவர் சங்கிலியை எடுத்துத் தன் மேல்கோட்டுப் பைக்குள் போட்டார்.

"யார்கிட்டயும் சொல்லாதீங்க. பிள்ளைங்களுக்கே தெரியாது."

"நான் ஒருத்தருக்கும் சொல்லமாட்டன் மிஸ்யே. ஆனா வெளியிலை நிக்கிற மனிசனிட்டை நீங்கள் சொல்லத்தான் வேணும். நான் சொன்னா அது சரிவராது."

இதைச் சொல்ல எனக்கு எப்படி வாய் வந்தது என்று பிறகு பலமுறை யோசித்திருக்கிறேன். அவர் செய்ததை அன்று காலையில் நானும் செய்திருந்தேன்.

நாங்கள் திரும்பி வந்தபோது முற்றத்தில் மதாம் நின்றார். நேசன் அண்ணையின் கையில் ஒரு கோப்பை.

"யாருப்பா நீ? புதுசா?" என்று மதாம் கேட்டார்.

"ஓம் மதாம். நேசன் எண்டு பேர்."

"டீ நல்லாருக்கா?"

"நல்லாயிருக்கு மதாம்." அவர் ஒரு முகச்சுளிப்பும் இல்லாமல் குடித்து முடித்தார். நான் கோப்பையை வாங்கி வைத்தபோது அடியில் கரையாத உப்பு கிடந்தது. மிஸ்யேயும் அதைக் கண்டார்.

அவர் நேசன் அண்ணைக்கு முன்னால் போய் நின்றார். "சங்கிலி கிடைச்சிடுச்சு" என்றார். பிறகு தமிழில் மன்னிப்புக் கேட்க வராமல், "பர்தோன், மிஸ்யே" என்றார். நேசன் அண்ணை தலையை ஆட்டினார். பத்து மணி ஆகியிருந்தது. பொலிசுக்கு யாரும் போகவில்லை.

வானில் ஏறியதும் நான் பேச்சைத் தொடங்கினேன். மதாமைப் பற்றி வாய் திறக்கமாட்டேன் என்று சொல்லியிருந்ததால், எப்படிச் சொல்லாமல் சொல்வது என்று தடுமாறினேன். அவர் குறுக்கே சொன்னார்.

"மதாமுக்கு ஞாபக மாறாட்டம் எண்டு எனக்கு ஐப்பசியிலையே தெரியும். ஒவ்வொரு செவ்வாயும் என்ரை பேரைக் கேப்பா. ஒவ்வொரு செவ்வாயும் உப்புப் போட்ட தேத்தண்ணி. விதை மூட்டைக்குப் பக்கத்திலை ஏதோ எண்ணிக்கொண்டு நிண்டதையும் ஒருநாள் கண்டனான்."

எனக்குக் கோபம் வந்தது. வெட்கப்படுகிறவனுக்கு முதலில் கோபம்தான் வரும்.

"அப்ப ஏன் அண்ணை காலமையே சொல்லேல்லை? வழியிலை சொல்லியிருக்கலாம்தானே?"

"அந்த மனிசியை மாட்டிவிட்டு நான் தப்போணுமோ?" என்றார். பிறகு மெதுவாக, "நீங்கள் ஒண்டும் கேக்கேல்லையே. ஒரு வார்த்தை கேட்டிருந்தா நான் உங்களுக்குச் சொல்லியிருப்பன்."

அடுத்த நாள் நான் மன்னிப்புக் கேட்டேன். வானை ஓரத்தில் நிறுத்தி, இயந்திரத்தை அணைத்துவிட்டுக் கேட்டேன். "அதை விடுங்கோ" என்றார். நல்ல மனதோடுதான் சொன்னார். என்னோடு முகம் கொடுத்துப் பேசாமல் விடவுமில்லை, வேலையில் ஒரு குறை வைக்கவுமில்லை. கேட்டது ஒன்றுதான்: லெ பிளாங்-மெனில் வீட்டைத் தனக்கே விட்டுவிடச் சொன்னார். மிஸ்யே அந்துவானும் அவரைத்தான் கேட்டார். மதாமை மருத்துவரிடம் கூட்டிப் போனார்கள், பிள்ளைகளுக்கும் சொன்னார்கள். வெயில் நாட்களில் மதாம் முற்றத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்து நேசன் அண்ணை வேலை செய்வதைப் பார்த்துக்கொண்டிருப்பார் என்று கேள்வி. கருகிய இடங்களில் விதை போட வேண்டும் என்று மிஸ்யே பிடிவாதமாய் நின்றார். தேவையில்லை, அடித்தண்டு உயிரோடு இருக்கிறது என்று நான் சொன்னேன். சித்திரை முடிவதற்குள் எது காலடி, எது புல் என்று தெரியாமல் போய்விட்டது. மிஸ்யேயும் மதாமும் இப்போது உயிரோடில்லை. அதனால்தான், அதுவும் பெயரை மாற்றி, உங்களுக்குச் சொல்கிறேன்.

சந்தேகப்படாதீர்கள் என்று நான் உங்களுக்குச் சொல்லப்போவதில்லை. சந்தேகம் வரும், வராமல் இராது. வந்தால் அந்த ஆளின் முகத்தைப் பார்த்துக் கேளுங்கள். "அண்ணை, இப்பிடிச் சொல்லுறாங்கள், என்ன நடந்தது?" என்று கேட்க எனக்கு அரை நிமிடம் பிடித்திருக்கும். அவர் தேத்தண்ணி வாங்கப் போகும் வரை காத்திருக்க அதைவிடக் கூட நேரம் பிடித்தது.

நேசன் அண்ணை என்னோடு இன்னும் ஆறு வருடம் வேலை செய்தார். இப்போதும் லா சப்பலில் அடிக்கடி எதிர்ப்படுவார். நின்று சுகம் விசாரிப்பார், என் முழங்கால் எப்படி என்று கேட்பார், மகளின் பிள்ளைகளின் படத்தைத் தொலைபேசியில் காட்டுவார். அந்த வியாழக்கிழமை வரை பதினொரு வருடமாக என்னை "நீ" என்று கூப்பிட்டவர். ஒரு மூத்தவர் தம்பியைக் கூப்பிடுவதுபோல. அதற்குப் பிறகு ஒருநாளும், தவறிக்கூட, அப்படிக் கூப்பிட்டதில்லை. "நீங்கள் எப்பிடி இருக்கிறியள்?" என்கிறார், மிகுந்த மரியாதையோடு.